த்ரொட்டில் யார் கையில்

மே 18, சனி

ஸ்டியரிங்: பரா. த்ரொட்டில்: நகுலேஸ்வரி. ஓடிய நேரம்: 40 நிமிடம்.

எங்கள் படகான சோளகத்தை இன்று சிம்கோ ஏரியில் இறக்கினோம். ஏழு மாதம் வெள்ளைப் பிளாஸ்ரிக் போர்வைக்குள் கிடந்த படகு. போர்வையைக் கிழித்தால் உள்ளே இரண்டு சிலந்தியும், போன வருடம் நான் தொலைத்த கறுப்புக் கண்ணாடியும் இருந்தன. அதைத் தொலைத்தது அவர்தான் என்று என் கணவர் பரா ஏழு மாதமாக என்னிடம் ஏச்சு வாங்கியிருந்தார். எடுத்துத் துடைத்து என் கையில் தந்தார்.

இந்தக் கொப்பி, எங்கள் படகுக் கழகம் ஒவ்வொரு படகுக்கும் தந்தது. தேதி, ஸ்டியரிங் யார், த்ரொட்டில் யார், ஓடிய நேரம். நான்கு கோடு நிரப்ப இவ்வளவு தடித்த கொப்பி எதற்கு? மிச்ச இடம் வீணாகிறதே என்றுதான் எழுதுகிறேன். மற்றப்படி எனக்கு நாட்குறிப்பு எழுதும் வியாதி கிடையாது.

எங்கள் கழகத்தில் பதினொரு படகு. மீன் பிடிக்கிற படகு இல்லை, வேகத்துக்கென்றே கட்டியவை. சோளகம் இருபத்தொன்பது அடி, பின்னால் இரண்டு எஞ்சின், மணிக்கு நூற்று முப்பது கிலோமீற்றர் போகும். அதனால் ஓட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும் என்பது கழக விதி. ஒருவர் திசையைப் பார்ப்பார். மற்றவர் பக்கத்தில் நின்று, எஞ்சினுக்கு ஒன்றாக இரண்டு பிடியையும் வலக்கையில் வைத்துக்கொண்டு வேகத்தைப் பார்ப்பார். அதுதான் த்ரொட்டில்: முன்னுக்குத் தள்ளினால் வேகம் கூடும், பின்னுக்கு இழுத்தால் குறையும். பத்து வருடமாக அது பராவின் இடம். நான் ஸ்டியரிங். இந்த வருடம் மாறியிருக்கிறோம், ஏனென்றால் பராவுக்கு ஒரு பருவம் த்ரொட்டில் தொடத் தடை.

ஆகஸ்ட் பத்தாம் தேதி கழகத்தின் கடதாசி ஓட்டம். அதில் சோளகம் ஓடும். த்ரொட்டிலில் நான் நிற்பேன். எழுதி வைத்துவிட்டேன், இனிப் பின்வாங்க முடியாது.

மே 19, ஞாயிறு

வலது தோள்மூட்டிலிருந்து விரல் நுனிவரை உளைவு. கோப்பை கழுவவும் பராதான்.

மே 26, ஞாயிறு

குகதாசனின் கராஜில் கழகக் கூட்டம். குகதாசன் பல்வைத்தியர், எங்கள் தலைவர். கழுத்தில் விசில் தொங்கப் பிறந்திருக்கவேண்டிய மனிதர்.

கடதாசி ஓட்டம் என்றால் பந்தயம் இல்லை. ஏரியைச் சுற்றி ஐந்து இடத்தில் நிற்கவேண்டும், ஒவ்வொரு இடத்திலும் சீட்டுக்கட்டிலிருந்து ஒரு கடதாசி தருவார்கள், கடைசியில் யாரிடம் புள்ளி கூடவோ அவர் வென்றார். வெள்ளைக்காரக் கழகங்கள் போக்கர் கணக்கில் பார்ப்பார்கள். நாங்கள் ஊரில் விளையாடும் 304 ஆட்டத்தின் கணக்கு. ஜாக்குக்கு முப்பது, ஒன்பதுக்கு இருபது, ராசாவுக்கு வெறும் மூன்று. ஒருமுறை பக்கத்துக் கழகத்திலிருந்து வந்த ஒருவர் மூன்று ராசாவோடு துள்ளிக் குதித்துவிட்டுப் பிறகு மனமுடைந்து போனார்.

குகதாசன் விதிகளை வாசித்தார். காலையில் ஒவ்வொரு படகும் எழும்பி, ஸ்டியரிங் யார், த்ரொட்டில் யார் என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லவேண்டும். சொன்ன ஆள்தான் கடைசிவரை. இடைவழியில் மாறக்கூடாது. கொப்பியில் பொய் இருந்தால், அது தெரியவந்த வருடம் அந்தப் படகுக்கு ஓட்டம் இல்லை.

“போன வருசத்துக்குப் பேந்து நான் ஒண்டையும் கண்டும் காணாமல் விடப்போறதில்லை,” என்றார்.

போன வருடம் நடந்தது இவ்வளவுதான். ஜோர்ஜினா தீவு தாண்டித் திரும்புகிற இடத்தில் ஒரு பெரிய உல்லாசப் படகு விட்ட அலை குறுக்கே வந்தது. த்ரொட்டில் முழுவதும் இழுபட்டு, சோளகம் மூக்கைத் தண்ணீரில் குத்திச் சுழன்றது. பின் இருக்கையில் இருந்த எங்கள் கூட்டாளி அன்ரன் ஏரிக்குள் எறியப்பட்டான். வலத் தோள் மூன்றாக முறிந்தது. கொப்பியில் ‘த்ரொட்டில்: பரா’ என்று இருந்தது. ஆகவே தடை பராவுக்கு.

அன்ரன் கூட்டத்துக்கு வரவில்லை. அவன் மனைவி மெற்றில்டா மட்டும் வந்து, பின்வரிசையில் இருந்துவிட்டு, தேத்தண்ணீர் குடிக்காமல் போனாள்.

இன்னொரு படகுக்காரர் சற்குணம் வழக்கம்போல வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. “பரா அண்ணை, இந்த முறை ஸ்டியரிங்தானே? கையிரண்டையும் அதிலையே கட்டிப்போட்டு விடட்டோ?” எல்லோரும் சிரித்தார்கள். பராவும் சிரித்தார். குகதாசனின் மனைவி என் கையைப் பிடித்து, “உங்கடை துணிவைப் பாராட்டவேணும் நகுலா. மனுசன் விட்ட பிழைக்கு நீங்கள் வந்து நிக்கிறியள்,” என்றார்.

“என்ன செய்யிறது,” என்றேன். தின்னத் தந்த ரோல்ஸ் நன்றாக இருந்தது. மூன்று தின்றேன்.

ஜூன் 4, செவ்வாய்

வேலை நாள். என் தொழில் கார் ஓட்டப் பழக்குவது. பதினாறு வருடமாக ஸ்காபரோவில் பாதித் தமிழ்ச்சனம் என் பக்கத்து இருக்கையில் இருந்து வியர்த்திருக்கிறது. கார்க் கதவில் ‘நகுலாவிடம் பழகினால் நடுக்கமில்லை’ என்று ஒட்டியிருக்கிறது. அந்த வாசகம் பராவுடையது.

இன்று சிவபாக்கியம் ரீச்சர். வயது ஐம்பத்தொன்பது, சாவகச்சேரியில் கணிதம் படிப்பித்தவர், மூன்று முறை பரீட்சையில் விழுந்தவர். காற்றில் ஒரு கடையின் பை பறந்து வந்தாலும் பிறேக்கில் இரண்டு காலாலும் ஏறி நிற்பார். இன்று ஓர் அணிலுக்கு நின்றார். அணில் மரத்தில் இருந்தது.

“ரீச்சர், பிறேக்கிலை குதியாதேங்கோ. பயந்தவுடனை எல்லாத்தையும் நிப்பாட்டினால் பின்னாலை வாறவன்தான் சாவான்,” என்று கத்தினேன்.

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கேட்டார். “உங்களுக்கு ஒருநாளும் அப்பிடி வரேல்லையோ பிள்ளை?”

“இல்லை,” என்றேன்.

ஜூன் 15, சனி

ஸ்டியரிங்: பரா. த்ரொட்டில்: நகுலேஸ்வரி. ஓடிய நேரம்: 1 மணி 10 நிமிடம்.

பரா சொல்லித்தருவது குறைவு, காட்டித்தருவதுதான் கூட. இன்று கரையில் வைத்துச் சொன்னார். “அலையிலை ஏறினவுடனை படகு தண்ணியை விட்டு எழும்பும். எஞ்சின் வெறுங்காத்திலை கத்தும். அந்தச் சத்தம் கேக்கேக்கை பிடியைக் கொஞ்சம் குறையும், ஒரு விரல் அளவு. விழேக்கை திருப்பிக் குடும். முழுக்க மட்டும் இழுக்காதேயும். முழுக்க இழுத்தால் மூக்குக் குத்தும்.”

“தெரியும்,” என்றேன்.

“தெரியும் எண்டு எனக்கும் தெரியும்,” என்றார்.

ஓர் அலை வந்தபோது கொஞ்சம் கூடுதலாக இழுத்துவிட்டேன். மற்றப்படி நல்ல ஓட்டம்.

ஜூன் 16, ஞாயிறு

நேற்று எழுதியது சரியில்லை. மூன்று அலை வந்தது. மூன்று முறையும் முழுக்க இழுத்தேன். பரா மெதுவாக ஓட்டியதால் ஒன்றும் நடக்கவில்லை.

ஜூன் 29, சனி

அன்ரன் வீட்டுக்குப் போனேன். தோடம்பழம் ஒரு பை கொண்டுபோனேன்.

அன்ரன் குருநகர்ப் பிள்ளை, எங்களை விடப் பத்து வயது இளையவன். பராவும் அவனும் முதல் படகை ஒன்றாக வாங்கினவர்கள், ஓட்டை விழுந்த பழைய படகு, முதல் வருடம் தண்ணீரில் ஓடியதைவிட அதிலிருந்து தண்ணீர் இறைத்ததுதான் கூட. போன வருடம் அவனுடைய சொந்தப் படகின் எஞ்சின் கழற்றிக் கிடந்ததால் சோளகத்தில் பின் இருக்கையில் வந்தான். அடிபட்ட பிறகு கழகம் விசாரித்தபோது, “எனக்கு ஒண்டும் ஞாபகம் இல்லை” என்று மட்டும் சொன்னான். அன்றிலிருந்து பராவோடு கதையில்லை. என்னோடும்தான், ஆனால் பராவின் மீதுள்ள கோபத்தில் என்று நினைக்கிறேன்.

அவன் தொழில் சமையலறை அலுமாரி செய்து சுவரில் பூட்டுவது. இப்போது வலக்கை தோளுக்கு மேலே உயராது. கீழ் அலுமாரி மட்டும் பூட்டுகிறான். மேல் அலுமாரிக்கு வேறு ஆள் பிடிக்கிறான். மெற்றில்டா இதைச் சொல்லும்போது அவன் கராஜில் பலகை அறுத்துக்கொண்டிருந்தான். நான் வந்தது தெரிந்தும் வாள் நிற்கவில்லை.

புறப்படும்போது எட்டிப் பார்த்தேன். “சுகமே அன்ரன்?”

“சுகம் அக்கா.” பிறகு, “சோளகத்திலை த்ரொட்டில் பழகுறியளாம்.”

“ஓம்.”

“நல்லாப் பழகுங்கோ,” என்றுவிட்டு வாளைத் திரும்பவும் போட்டான்.

ஜூலை 7, ஞாயிறு

ஸ்டியரிங்: பரா. த்ரொட்டில்: நகுலேஸ்வரி. ஓடிய நேரம்: 2 மணி.

ஏழு அலையில் நான்கில் சரியாகச் செய்தேன். கை எரிகிறது. நிறுத்தப்போவதில்லை.

ஜூலை 13, சனி

மழை. ஓட்டமில்லை. கொப்பியைப் பின்னுக்குப் புரட்டினேன். போன ஆகஸ்ட் பக்கம். காலையில் பராவின் கையெழுத்தில்: ‘ஸ்டியரிங்: நகுலேஸ்வரி. த்ரொட்டில்: பரா.’ காலையில் எழுதும்போது அது உண்மைதான்.

மூன்றாவது நிறுத்தம் தாண்டியதும் நான் பராவிடம், “ஒருக்கா எனக்குத் தாருங்கோ,” என்று கேட்டேன். அவர் ஓட்டத்தில் மாறக்கூடாது என்றார். நான் விடவில்லை. பதினாறு வருடம் ஊருக்கெல்லாம் ஓட்டப் பழக்கியவளுக்கு இரண்டு பிடியைப் பிடிக்கத் தெரியாதா என்று கேட்டேன். மாறினோம். நான்கு நிமிடம் நன்றாகத்தான் இருந்தது, அவ்வளவு சந்தோசம் எனக்கு. பிறகு அந்த அலை. படகு எழும்பியது, எஞ்சின் கத்தியது. என் கை இரண்டு பிடியையும் அடிவரை இழுத்தது. சிவபாக்கியம் ரீச்சரின் கால் மாதிரி.

இழுத்தது பரா இல்லை. நான்.

தண்ணீரிலிருந்து அன்ரனை ஏற்றியவர்கள் “த்ரொட்டில் ஆர்?” என்று கேட்டபோது பரா உடனே “நான்” என்றார். நான் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. அந்த நேரம் அதிர்ச்சி என்று சொல்லலாம். அதற்குப் பிறகு பதினொரு மாதம் என்ன அதிர்ச்சி?

இதை எழுதிவிட்டேன். பக்கத்தைக் கிழிக்கப்போவதில்லை.

ஜூலை 14, ஞாயிறு

படகுத்துறையில் பரா எஞ்சின் கழுவிக்கொண்டிருந்தபோது சொன்னேன். “நான் சொல்லப்போறன்.”

“என்னத்தை?”

“தெரியாத மாதிரிக் கேளாதேங்கோ.”

துணியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “ஒரு வருசம் நான் சுமந்திட்டன், நகுலா. இன்னும் நாலு கிழமை. பேந்து எல்லாரும் மறந்திடுவினம். இப்ப சொன்னால் நான் சுமந்ததும் வீண், நீர் பழகினதும் வீண். குகதாசன் ஓட விடார்.”

“நான் கேட்டனானோ உங்களைச் சுமக்கச் சொல்லி?”

“கேக்கேல்லை,” என்றார். “வேண்டாம் எண்டும் சொல்லேல்லை.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு சொல்லியிருப்பேன். வீட்டுக்கு வந்து அவருக்குப் பிடிக்காத பாகற்காயைச் சமைத்தேன். நானும் அதையே தின்றேன்.

ஜூலை 23, செவ்வாய்

சிவபாக்கியம் ரீச்சருக்கு அடுத்த கிழமை நான்காவது பரீட்சை. மாதா கோயில் கார்த்தரிப்பிடத்தில் பழக்கினேன். ஒரு குப்பைத்தொட்டிக்கு நின்றார். ஸ்டியரிங்கில் தலையை வைத்து, “என்னாலை ஏலாது பிள்ளை. எனக்குப் பயம்,” என்றார்.

காரை நிறுத்தச் சொன்னேன். நின்றுதான் இருந்தது. போன ஆகஸ்ட் நடந்ததை முழுக்கச் சொன்னேன். பிடியை அடிவரை இழுத்தது, அன்ரனின் தோள், பரா தன் தலையில் போட்டுக்கொண்டது, எல்லாம். ஒருவருக்கும் சொல்லாததை எதற்காக இவரிடம் சொல்கிறேன் என்று சொல்லும்போதே யோசித்தேன். ஒருவேளை சொல்லிப் பழகவேண்டியிருந்ததோ என்னவோ.

ரீச்சர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“அப்ப இவ்வளவு நாளும் என்னட்டை ஏன் பிள்ளை கத்தினனீர்?”

மன்னிப்புக் கேட்டேன். அவர் காரைக் கிளப்பி, அந்தக் குப்பைத்தொட்டியை மூன்று முறை சுற்றி வந்தார். ஒருமுறையும் நிற்கவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

ரீச்சர் பாஸ்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஸ்டியரிங்: பரா. த்ரொட்டில்: நகுலேஸ்வரி. ஓடிய நேரம்: 2 மணி 20 நிமிடம்.

ஜோர்ஜினா தீவு முனைக்கே போனோம். நான்தான் கேட்டேன். அதே இடம், அதே திருப்பம். ஒரு பெரிய படகு போகும்வரை காத்திருந்து, அதன் அலைக்குள் முழுவேகத்தில் போனோம். எழும்பியது, கத்தியது. ஒரு விரல் குறைத்தேன். விழுந்தது, கொடுத்தேன். சோளகம் தண்ணீரில் இருந்ததே தெரியாமல் திரும்பியது. திரும்பவும் போனோம். எட்டு முறை. எட்டும் சரி.

பரா எஞ்சினை அணைத்துவிட்டு, “இனி நான் சொல்லித்தர ஒண்டும் இல்லை,” என்றார். எனக்கு அழுகை வந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் தெரிந்திருக்காது.

எனக்கு ஓட வேண்டும். இதை மறைத்து என்ன பயன்? பத்துப் படகோடு சேர்ந்து அந்த ஏரியில் ஒருமுறை ஓட வேண்டும் என்று வயிற்றுக்குள் பசி மாதிரி இருக்கிறது. சொன்னால் ஓட்டம் இல்லை. சொல்லாமல் ஓடினால், நான் பழகியது முழுக்க எதற்கு?

ஆகஸ்ட் 9, வெள்ளி

முடிவு எடுத்துவிட்டேன். நாளை ஓடுவேன். பரிசு கொடுக்கும்போது எழும்பி எல்லாவற்றையும் சொல்வேன். ஓட்டமும் ஆகிவிடும், உண்மையும் வெளிவந்துவிடும். இதில் என்ன பிழை?

உடைகளை இஸ்திரி போட்டேன். எரிபொருள் நிரப்பியாயிற்று. கடலை வடை சுட்டேன். பரா படகுக் கயிறுகளைச் சுற்றிச் சுற்றி வைத்தார்.

ஆகஸ்ட் 10, சனி

த்ரொட்டில் என்ற கோட்டை இன்று நிரப்பவில்லை. காரணத்தை எழுதுகிறேன்.

காலை ஏழரைக்குப் படகுத்துறையில் எல்லோரும் கூடினோம். காற்று இல்லை. இதைவிட நல்ல ஏரி கிடைக்காது. கடைசி வரிசைக்குப் பின்னால் அன்ரன் நின்றான். ஒரு வருடத்துக்குப் பிறகு கழகத்துக்கு வந்திருக்கிறான். இடக்கையில் தேத்தண்ணீர்.

குகதாசன் படகுகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். எழும்பினார்கள், சொன்னார்கள். ஸ்டியரிங் பிடிப்பவரின் மணிக்கட்டில் நீலப் பட்டி, த்ரொட்டிலுக்குச் சிவப்பு. ஏழாவது, சோளகம்.

“ஸ்டியரிங் பரராசசிங்கம்,” என்றார் பரா.

“த்ரொட்டில் நகுலேஸ்வரி,” என்றேன்.

சிவப்புப் பட்டி கட்டினார்கள். நான் உட்கார்ந்திருக்கலாம். உட்காரத்தான் போனேன். குகதாசனின் மனைவி கைதட்டத் தொடங்கினார். “நகுலாவுக்கு ஒருக்காக் கை தட்டுங்கோ, மனுசனுக்காக எவ்வளவு பாடுபட்டவ.” எல்லோரும் தட்டினார்கள். சற்குணம் பராவின் முதுகில் தட்டி, “மனுசியிட்டைப் பழகுங்கோ அண்ணை,” என்றார். பரா சிரித்தார். மே மாதம் கராஜில் சிரித்த அதே சிரிப்பு. அந்தச் சிரிப்பை இன்று இன்னும் பத்து மணித்தியாலம் பார்த்துக்கொண்டு ஓட என்னால் முடியாது என்று அப்போதுதான் தெரிந்தது.

“போன வருசமும் நான்தான்,” என்றேன்.

கைதட்டல் ஒவ்வொருவராக நின்றது. குகதாசன், “என்ன சொல்லுறியள்?” என்றார்.

“போன வருசம் அந்தத் திருப்பத்திலை த்ரொட்டில் என்ரை கையிலை. இடைவழியிலை மாறினனாங்கள், நான்தான் கேட்டனான். அலையைக் கண்டு இரண்டு பிடியையும் அடிவரைக்கும் இழுத்தது நான். பரா ஸ்டியரிங்கிலை இருந்தவர். அவர் செய்த பிழை ஒண்டுதான், என்னைக் காப்பாத்தினது. நான் ஒரு வருசம் பார்த்துக்கொண்டு நிண்டனான்.”

பரா தலையைக் குனிந்திருந்தார். சற்குணம் தன் கையை அவர் முதுகிலிருந்து மெல்ல எடுத்தார்.

குகதாசன் விசிலை இரண்டு விரலால் உருட்டிக்கொண்டு நின்றார். “விதி தெரியும்தானே.”

“தெரியும்.”

அவர் கத்தரிக்கோல் கேட்டார். வடைப் பை வெட்டக் கொண்டுவந்த என்னுடைய கத்தரிக்கோலைத்தான் யாரோ கொடுத்தார்கள். கையை நீட்டினேன். சிவப்புப் பட்டியை வெட்டினார். பராவின் நீலத்தையும் வெட்டினார்.

அப்போதுதான் அன்ரன் முன்னுக்கு வந்தான். குகதாசனைப் பார்த்துச் சொன்னான். “எனக்கு ஒண்டும் ஞாபகம் இல்லை எண்டு சொன்னதும் பொய். பின்னாலை இருந்து எல்லாம் பார்த்தனான். ‘குடுங்கோ அண்ணை, அக்கா ஒருக்காப் பிடிக்கட்டும்’ எண்டு சொன்னதே நான்தான்.”

அதை நான் மறந்தே போயிருந்தேன். எஞ்சின் சத்தத்துக்குள் பின்னால் ஏதோ சொல்லிச் சிரித்தான் என்பது மட்டும்தான் நினைவிருந்தது.

பிறகு என் பக்கம் திரும்பினான். “தோளுக்கு எனக்குக் கோவம் இல்லை அக்கா. அது விபத்து. ஆசுப்பத்திரிக்கும் வீட்டுக்குமா ஏழு தரம் வந்தனீங்கள். இந்தமுறை சொல்லுவா, இந்தமுறை சொல்லுவா எண்டு ஒவ்வொரு தரமும் பார்த்துக்கொண்டிருந்தனான். நீங்கள் தோடம்பழம் கொண்டுவந்தனீங்கள்.”

என்னால் அவனைப் பார்க்க முடியவில்லை. “பிழை அன்ரன்,” என்றேன். “பெரிய பிழை.” வேறு என்ன சொல்வது?

நாலாவது நிறுத்தத்தில் கடதாசி கொடுக்க ஆள் போதாது என்று குகதாசன் பராவையும் என்னையும் காரில் அனுப்பினார். பீவர்டன் துறையில் குடையும் மடக்கு மேசையும் போட்டு இருந்தோம். பத்துப் படகும் ஒன்றின்பின் ஒன்றாக, வெள்ளை வெள்ளையாகத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தன. எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்ல மாட்டேன். சொல்லிவிட்டேனே என்ற நிம்மதி எல்லாம் அந்த நேரம் வரவில்லை. அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும் என்றுதான் இருந்தது.

சற்குணம் கடதாசியை வாங்கிய பிறகும் போகாமல் நின்றார். “பரா அண்ணை, நான் கனக்கக் கதைச்சுப்போட்டன்.”

“ஜாக்கோ எண்டு பாரும்,” என்றார் பரா.

ராசா. மூன்று புள்ளி. பரா வாய்விட்டுச் சிரித்தார். அது வேறு சிரிப்பு. ஒரு வருடமாக நான் கேட்காதது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

போன ஆகஸ்ட் பக்கத்தை எடுத்து, பராவின் எழுத்தை அழிக்காமல் கீழே எழுதினேன்: ‘மூன்றாவது நிறுத்தத்துக்குப் பிறகு த்ரொட்டில்: நகுலேஸ்வரி.’ தேதியும் கையெழுத்தும் போட்டேன். காரின் கதவில் ஒட்டியிருந்ததைக் கழற்றினேன். பரா, “நல்ல வாசகம் அது,” என்று கவலைப்பட்டார்.

ஆகஸ்ட் 14, புதன்

இரண்டு பேர் பழக வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். சிவபாக்கியம் ரீச்சர் நான்கு பேரை அனுப்பியிருக்கிறார். “அவவுக்கும் நடுங்கினது” என்று சொல்லித்தான் அனுப்புகிறாராம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அன்ரன் தொலைபேசியில் எடுத்து, இன்று தண்ணீரில் இறங்குவீர்களா என்று கேட்டான். கழக ஓட்டம்தான் இல்லை, ஏரி எல்லோருக்கும் பொது என்றேன். மெற்றில்டாவோடு வந்தான். அவள் ஏறவில்லை. “நான் இஞ்சை நிண்டு பார்க்கிறன் அக்கா,” என்றாள். ஆனால் நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணீரை வாங்கினாள்.

அன்ரனின் உயிர்க்காப்புச் சட்டையைப் பரா பூட்டிவிட்டார், வலக்கை பின்னால் வளையாது என்பதால். பட்டியை இழுத்துச் சரிபார்த்துவிட்டு, பரா அவன் நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டினார்.

இந்த ஓட்டத்தோடு பராவின் தடையையும் கழகம் எடுத்துவிட்டது. ஆகவே அவர் த்ரொட்டில் பக்கம் போனார். அன்ரன்தான், “இல்லை அண்ணை, அக்கா பிடிக்கட்டும்,” என்றான். சொன்னபிறகுதான், போன வருடமும் தான் இதையே சொன்னது அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். பிறகு என்னைப் பார்த்து, “மன்னிச்சிட்டன் எண்டு நினையாதேங்கோ. இழுக்கிறியளோ எண்டு பார்க்க வந்தனான்,” என்றான். போய், அதே பின் இருக்கையில் இருந்தான்.

ஜோர்ஜினா முனைக்குப் போனோம். குறுக்கே பெரிய அலை. படகு தண்ணீரை விட்டு எழும்பியது. எஞ்சின் இரண்டும் வெறுங்காற்றில் கத்தின. பின்னால் அவன் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பது எனக்குத் தெரிந்தது. எனக்கு நடுங்கியது. கை ஒரு விரல் குறைத்தது. விழுந்தோம், கொடுத்தேன், திரும்பினோம்.

கரைக்கு வந்து படகைக் கட்டிய பிறகு அன்ரன், “கொப்பியைத் தாங்கோ,” என்றான். பின் இருக்கைக்கு அதில் இடமில்லை என்றேன். அவன் பேனையால் ஐந்தாவதாக ஒரு கோடு கீறினான். கீழே உள்ளதில் கடைசி இரண்டு வரியும் அவனுடைய எழுத்து.

ஸ்டியரிங்: பரா.
த்ரொட்டில்: நகுலேஸ்வரி.
ஓடிய நேரம்: 50 நிமிடம்.
பின் இருக்கை: அன்ரன்.
அக்கா முழுக்க இழுக்கேல்லை. நான் பார்த்தனான்.